செக்குபந்தியில் எஞ்சிய வாய்க்கால்

நிலப் பத்திரங்களில் ஒரு மனையின் நான்கு எல்லைகளையும் எழுதிக் காட்டும் பகுதிக்குச் செக்குபந்தி என்று பெயர். உருது வழியாகத் தமிழ்ப் பத்திரங்களில் குடிபுகுந்த சொல் அது. பத்திரம் வாசிப்போர் விலைத்தொகையையும் பெயர்களையும் கூர்ந்து நோக்குவரேயன்றி, இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவர். நாமும் ஒருமுறை அவ்வாறே கடந்தோம்.

2004ஆம் ஆண்டில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்னையின் தென்புறநகரில் மனை வாங்க எண்ணி, அதன் ஆவணங்களை நம்மிடம் கொண்டுவந்தார். பட்டா சரியாக இருந்தது. வில்லங்கச் சான்றிலும் குறையில்லை. 'தாராளமாக வாங்கலாம்' என்றோம். செக்குபந்தியில் 'வடக்கே வாய்க்கால்' என்று இருந்தது; நேரில் சென்று பார்த்தபோது வடக்கே இருந்ததோ இருபதடி மண்சாலை. இவ்வேறுபாடு நம் கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை. முந்தைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே படியெடுத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டோம். அந்த வாய்க்கால் எங்கே போயிற்று என்று அன்று நாம் கேட்கவில்லை. அக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

தென்சென்னையின் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. மேற்கே பல்லாவரம், தாம்பரம் பகுதிகளின் குன்றுகள். கிழக்கே கடற்கரையை ஒட்டி நீளும் மணல்மேடு. மேற்கிலிருந்து இறங்கும் மழைநீர் இம்மணல்மேட்டால் தடைபட்டுத் தேங்கிப் பரவிய தாழ்நிலமே பள்ளிக்கரணைச் சதுப்பு. பழந்தமிழர் இத்தகு நிலத்தைக் கழுவெளி என்றனர். ஓரிடத்தில் நன்னீரும் ஓரிடத்தில் உவர்நீருமாக, கோரையும் நாணலும் மண்டி, பூநாரையும் நீலத் தாழைக்கோழியும் மேயும் நிலம் அது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை இதனை வந்தடைகிறது. அது வெளியேறுவதற்குரிய முதன்மையான வழி ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாயில் கலந்து, தெற்கே முட்டுக்காட்டு முகத்துவாரம் வழியே கடலைச் சேர்கிறது.

மழைநீர் நேரே சதுப்பிற்கு வந்துவிடுவதில்லை என்பதே இங்கு உணரத்தக்கது. இடையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் படிப்படியாக அமைந்திருந்தன. மேலேரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே உபரிநீர் இறங்கி அடுத்த ஏரியை நிரப்பும். கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து சதுப்பிற்கும் செல்வது இதற்கு எடுத்துக்காட்டு. ஆகவே ஏரி என்பது கரைக்குள் நிற்கும் நீர் மட்டுமன்று. வரத்துக்கால், மதகு, கலங்கல், போக்குக்கால் யாவும் சேர்ந்ததே ஏரி. நீர்ப்பரப்பை விட்டுவைத்து வாய்க்காலை மட்டும் எடுத்துவிட்டாலும் ஏரி செத்துவிடும்.

புறநகர் வளர்ந்தபோது நிகழ்ந்தது இதுவே. முதலில் ஏரியை எவரும் தொடவில்லை. அதன் கீழிருந்த ஆயக்கட்டு நெல்வயல்கள்தாம் மனைகளாயின. வயல் மறைந்ததும் மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்பார் இல்லை. கேட்பார் இல்லாததால் தூர்வாருவாரும் இல்லை. பாசன வாய்க்கால் 'பயனற்றதாகி'ச் சாலையாயிற்று. அடுத்து, கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரியின் விளிம்பு வெற்றுநிலமாகத் தோன்றி வீடாயிற்று. ஆண்டில் சில மாதங்களே நீர் நிற்கும் நிலத்தை, நீரில்லாத மாதங்களில் பார்த்து மதிப்பிட்டதே எல்லாத் தவற்றுக்கும் தோற்றுவாய். நாமும் அந்த மனையைப் பார்க்கச் சென்றது ஏப்ரல் மாதத்தில்தான்.

கழுவெளிக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1960களில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் என மதிப்பிடப்பட்ட சதுப்பு, 2000களின் தொடக்கத்தில் 600 ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று. தரிசு என்று பெயர் சூட்டப்பெற்ற அந்நிலத்தில் சாலைகளும் கல்வி நிலையங்களும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. 1980களிலிருந்து பெருங்குடியில் நகரின் குப்பையும் அதிலேயே மலையாகக் குவிந்தது.

இச்சுருக்கத்தின் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 250 சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் பாதி மட்டும் சதுப்பை வந்தடைவதாகக் கொள்வோம். 5,000 ஹெக்டேர் பரப்பில் அந்நீர் பரவினால் கால் மீட்டர் உயரமே நிற்கும், முழங்காலையும் எட்டாது. அதே நீர் 600 ஹெக்டேருக்குள் அடங்க வேண்டுமாயின் இரண்டு மீட்டருக்கு மேல் உயர வேண்டும். அவ்வளவு உயர முடியாத நீர் பக்கவாட்டில் தன் பழைய இடத்தைத் தேடிச் செல்கிறது. அதையே நாம் 'வீட்டிற்குள் வெள்ளம் புகுந்தது' என்கிறோம். மேலும், பாதி மழை என்று நாம் கொண்டது மண்தரைக்குரிய கணக்கு. தாரும் சிமெண்டும் மூடிய நிலத்தில் மண்ணுக்குள் இறங்கும் பங்கு வெகுவாகக் குறைந்து, ஓடிவரும் பங்கு கூடுகிறது. அது விரைந்தும் வந்துவிடுகிறது. டிசம்பரில் படகு தேடிய தெரு மே மாதத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பதன் காரணமும் இதுவே. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோது இப்புறநகரங்களின் ஆழ்துளைக் கிணறுகளும் கைவிட்டன.

இவ்விடத்தில் நம் வகுப்பறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபிக்ஹு நூல்களில் 'இஹ்யாவுல் மவாத்' என்றொரு பாடம் உண்டு. மவாத் என்பது உரிமையாளர் அற்ற, பயன்பாடற்ற நிலம். அதனை உழைத்து உயிர்ப்பிப்பவர் உரிமை பெறுவார். ஆனால் அப்பாடத்திலேயே ஹரீம் என்னும் கருத்தும் வருகிறது. ஓர் ஊரோ கிணறோ ஊற்றோ முழுமையாகப் பயன்பட அதனைச் சுற்றித் தேவைப்படும் நிலம் அதன் ஹரீம். அது வெறுமையாகத் தோன்றினாலும் மவாத் ஆகாது. ஹனஃபி சட்டநூல்கள் கிணற்றுக்கு 40 முழம், ஊற்றுக்கு 500 முழம் என அளவிடுகின்றன. ஷாஃபிஈ அறிஞர்கள் தேவையையும் வழக்கத்தையும் கொண்டு தீர்மானிப்பர். குதிரை ஓடும் திடல், ஒட்டகம் படுக்குமிடம், சாம்பல் கொட்டுமிடம் வரை ஊரின் ஹரீமில் சேர்ப்பர். இதனை ஆண்டுதோறும் நாம் நடத்தி வந்தோம். ஒட்டகம் படுக்குமிடத்தை விளக்கத் தெரிந்த நமக்கு, ஏரியின் வரத்துக்காலும் கலங்கலும் போக்குக்காலும் அவ்வரிசையில் வருவன என்று மாணவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் மாணவரின் வீட்டுத் தரைத்தளம் மூழ்கியது. அவர்தம் தாயாரை அண்டை வீட்டார் மாடிக்குத் தூக்கிச் சென்றனர். நீர் வந்த திசை வடக்கு. பின்னர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே திசையிலிருந்து அதே நீர் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் தரையை மூன்றடி உயர்த்தியிருந்தார். அதனால் அவருக்குச் சேதம் குறைந்தது. எதிர் வீட்டாருக்குக் கூடிற்று.

நற்செய்தி அறவே இல்லை என்பதற்கில்லை. 2007இல் சதுப்பின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பட்டியலில் சேர்ந்தது. எனினும் சதுப்பிற்கு வேலி போடலாம். அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்கள் சதுப்பின் எல்லைக்கு வெளியே, நம் தெருக்களுக்கு அடியில் கிடக்கின்றனவே! அவற்றின் சுவடு வருவாய்த் துறையின் பழைய நிலவரைபடங்களிலும் செக்குபந்திகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. மனை வாங்குவோர் பட்டாவோடு அந்த வரைபடத்தையும் வாங்கிப் பார்த்து, மழைக்காலத்தில் ஒருமுறை அவ்விடம் சென்று நிற்பது நலம்.

அம்மாணவர் அண்மையில் வீட்டை விற்க முடிவு செய்து மீண்டும் நம்மிடம் வந்தார். புதிய பத்திரத்தில் வடக்கெல்லையைச் 'சாலை' என்று எழுதிவிடலாம் என்று எழுத்தர் கூறுகிறாராம். நடப்பும் அதுதான், விலையும் குறையாது. "ஹஜ்ரத், என்ன எழுதட்டும்?" என்றார். பொருளின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்னும் மஸ்அலாவை அவர் அறிவார், நம்மிடம் ஓதியவர்தாமே. 2004இல் நாம் சொல்லத் தவறியதையும் சேர்த்து அவரிடம் ஒப்புக்கொண்டு, 'வடக்கே வாய்க்கால், தற்போது சாலை' என்று எழுதச் சொன்னோம். அவ்வாறே எழுதிக் காட்டியிருக்கிறார். வீட்டைப் பார்க்க வந்த இருவர் திரும்பிச் சென்றுவிட்டனர். மூன்றாமவர் மழைக்காலம் கழியட்டும் என்று சொல்லியிருக்கிறார்.