உலகிலேயே ஆபத்தான பிராணி எது?

நான்காம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு நாள், "உலகத்திலேயே மனிதனுக்கு அதிக ஆபத்தைத் தரும் பிராணி எது? பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று சொன்னேன். வகுப்பில் பதினேழு பிள்ளைகள். ஒன்பது தாள்களில் புலி. மூன்றில் சுறா, எல்லாம் தொலைக்காட்சி செய்த வேலை! இரண்டில் முதலை, இரண்டில் நாகப்பாம்பு. ஒரே ஒரு பெண் மட்டும் 'கொசு' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் ஏன் அப்படி எழுதினாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

புலிக்கு அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. காட்டோரத் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களுக்கு அது கதையில் வரும் மிருகம் அன்று. 2023-ஆம் ஆண்டில் கிளந்தான் மாநிலத்துக் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கித் தொழிலாளர் உயிர் போனதைப் பத்திரிகைகளில் படித்தோம். ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. 2016 முதல் 2020 வரை நம் நாட்டில் நடத்திய கணக்கெடுப்பின்படி, மலேசியக் காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகள் 150-க்கும் குறைவு. புலியால் நமக்கு வரும் ஆபத்தைவிட நம்மால் புலிக்கு வந்த ஆபத்தே பெரிது.

சுறாவின் கணக்கோ இன்னும் சிறியது. மனிதன் சீண்டாமல் சுறா தானாகக் கடித்து இறப்பவர்கள், உலகம் முழுவதற்கும் சேர்த்து, ஆண்டுக்குச் சராசரியாக ஆறு பேர்தான்! முதலைகள் ஆண்டுக்கு ஆயிரம் பேரையும், ஆப்பிரிக்காவின் நீர்யானைகள் ஐந்நூறு பேரையும் கொல்வதாக மதிப்பிடுகிறார்கள். பானை வயிற்று நீர்யானை சிங்கத்தைவிட அதிக உயிரை எடுக்கிறது என்று சொன்னபோது என் மாணவர்கள் நம்பவே இல்லை.

இனி நம் வாசற்படிக்கு வருவோம்.

வெறிநாய்க்கடியால் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்த நோயைக் கொடுப்பது நாய்தான். கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். 'அது ஏதோ இந்தியாவில், ஆப்பிரிக்காவில்' என்று நாம் இருந்துவிட முடியாது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் இந்த நோய் காணப்பட்டது. 2017 முதல் சரவாக்கில் மனிதர்களே இதற்குப் பலியாகியிருக்கிறார்கள். நோயின் குறி தோன்றிய பிறகு பிழைத்தவர் மிக மிக அரிது. தோன்றுமுன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பயமில்லை. ஆகவே பிள்ளையை நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். பிறகு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாம்பு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் பெரியப்பாவின் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. கெடாவில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், இருட்டில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே கிடந்த ஒன்றை மிதித்துவிட்டார். அது மலாயாக் குழிவிரியன். மலாய்க்காரர்கள் இதை 'உலார் காப்பாக் போடோ' என்பார்கள். காய்ந்த இலையின் நிறம். முதுகில் கறுப்பு முக்கோணங்கள். ஆள் வந்தாலும் ஓடாமல் அசையாமல் கிடக்கும். அதுதான் அதன் ஆபத்து. வடக்கே ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பாம்பு. பெரியப்பாவை முதலில் மந்திரிப்பவரிடம் கொண்டு போனார்கள். வேப்பிலை அடித்து, காலை இறுகக் கட்டி, இரவு முழுவதும் அங்கேயே வைத்திருந்தார்கள். மறுநாள் மருத்துவமனைக்குப் போகும்போது விரல்கள் கறுத்துவிட்டன.

'மந்திரித்து எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்களே' என்று கேட்பீர்கள். உண்மைதான், பிழைத்திருக்கிறார்கள். அதன் காரணத்தைப் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட் என்பவர் 1950-களிலும் 60-களிலும் ஆராய்ந்து எழுதினார். குழிவிரியன் கடித்து வந்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விஷம் ஏறவே இல்லை, அல்லது மிகச் சிறிதளவே ஏறியிருந்தது என்று அவர் கண்டார். பாம்பு கடிக்கும் போதெல்லாம் விஷத்தை இறக்குவதில்லை. அந்தப் பாதிப் பேர் மந்திரித்தாலும் பிழைப்பார்கள், வீட்டில் படுத்திருந்தாலும் பிழைப்பார்கள். நாம் எந்தப் பாதியில் இருக்கிறோம் என்பது கடித்த நேரத்தில் யாருக்கும் தெரியாதே!

உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள். அதைப்போல் மூன்று மடங்குப் பேர் என் பெரியப்பாவைப் போல் உறுப்பை இழந்தோ முடமாகியோ போகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிற ஏழைகள். அதனால்தானோ என்னவோ, உலகச் சுகாதார நிறுவனம் இதைக் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் சேர்ப்பதற்கு 2017 வரை ஆயிற்று. செம்பனைத் தோட்டங்களில் எலி மிகுதி. எலியைத் தேடி நாகம் வரும். உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள் மட்டைக் குவியலுக்குள் வெறுங்கையை விடக்கூடாது. விடியுமுன் வேலைக்காட்டில் விளக்கில்லாமல் நடக்கக்கூடாது. கடித்துவிட்டால் காயத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது ஆகிய மூன்றுமே கெடுதல். கால் மோதிரத்தையும் கொலுசையும் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு, வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும். பாம்பை அடிக்கத் துரத்தி இன்னொருவரும் கடிபடுவது நம் ஆட்களின் வழக்கம். அது வேண்டாம்; முடிந்தால் தூரத்திலிருந்தே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

இப்போது அந்தப் பெண் எழுதிய பதிலுக்கு வருகிறேன். மலேரியா என்ற ஒரே ஒரு நோயால் 2023-ஆம் ஆண்டில் உலகில் இறந்தவர்கள் ஏறக்குறைய 5,97,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். அவர்களிலும் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். புலி, சிங்கம், சுறா, முதலை, நாய், பாம்பு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் கொசுவின் தட்டே தாழ்ந்து நிற்கும். அதுவும் பெண் கொசு மட்டுமே! முட்டை வளர்ப்பதற்காக அது நம் இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆண் கொசு பூவின் தேனைக் குடித்துக்கொண்டு சும்மா திரிகிறது.

இந்தப் பிராணியின் குற்றம் வெளியானது 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி. செகந்திராபாத்தில் இராணுவ டாக்டராக இருந்த ரொனால்ட் ராஸ், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து, அதில் நோய்க்கிருமி வளர்வதைக் கண்டார். கொசுக்கடி வாங்கிக்கொள்ள முன்வந்த உசேன் கான் என்ற நோயாளிக்கு ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி கொடுத்தாராம். ராஸுக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கண்டுபிடிப்பை நம் நாட்டு மண்ணில் செய்து பார்த்தவர் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். 1901-இன் தொடக்கத்தில் கிள்ளானுக்கு வந்தார். அப்போது ஊரே காய்ச்சலில் படுத்துக் கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகந்தான் அது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவி, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று அதிகாரிகள் யோசிக்கும்படி ஆயிற்று. சதுப்பில் இருந்த காட்டை வெட்டி, கால்வாய் தோண்டித் தண்ணீரை வடித்துவிடுங்கள் என்றார் வாட்சன். அப்படியே செய்தார்கள். மறு ஆண்டே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

சரி, காட்டை அழித்தால் மலேரியா போய்விடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டி ரப்பர் நட்டபோது காய்ச்சல் குறையவில்லை, கூடிவிட்டது! கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர் அந்தத் தோட்டங்களில் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். காரணத்தைக் கண்டவரும் வாட்சன்தான். கடலோரச் சதுப்பில் நோய் பரப்பிய கொசு நிழலை விரும்புவது. மலைத் தோட்டங்களில் இருந்ததோ வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டியதும் ஓடையெல்லாம் வெயில் பட்டு அந்தக் கொசுவுக்குத் தொட்டிலாகிவிட்டது. ஆகவே அங்கே ஓடைகளைக் குழாய் பதித்து மண்ணுக்கடியில் ஓடவிட்டார்கள். பிறகு தண்ணீரின்மேல் எண்ணெய் தெளித்தார்கள். ஓர் ஊருக்குச் சரியான மருந்து இன்னோர் ஊருக்கு நஞ்சாகலாம் என்பதை, நம்மவர் உயிரைக் கொடுத்தபின் தெரிந்துகொண்டார்கள். அந்தக் குழாய்களைப் பதித்தவர்கள், எண்ணெய் டின்னை முதுகில் சுமந்தவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் பாட்டி, பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கொயினா கொடுத்ததைச் சொல்வார். கசப்பு தாங்காமல் வாயில் ஒதுக்கிவைத்து, கிராணி திரும்பியதும் துப்பிவிடுவார்களாம்!

இன்று மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா நம் நாட்டில் அடங்கிவிட்டது. 2018-இல் உள்நாட்டில் ஒருவருக்கும் அது வரவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் இன்னொரு வகை மலேரியா இருக்கிறது. சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பலருக்கு அது இருந்ததை டாக்டர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். காட்டோரம் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் வந்தால், தாம் வேலை செய்யும் இடத்தை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக்குள் இருக்கும் எதிரி டிங்கி. 2019-இல் மட்டும் நம் நாட்டில் 1,30,000-க்கு மேற்பட்டவர்களுக்கு டிங்கி கண்டு, 182 பேர் இறந்தனர். இந்தக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை; தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கிடைத்தால் போதும். பால் வெட்டாத நாட்களில் மழைநீர் தேங்கும் மங்கு, பழைய டயர், பூஜைச் செம்பு, குளிர்பெட்டியின் அடித்தட்டு எல்லாம் அதற்கு வீடுதான். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்ட முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

அந்தப் பெண்ணுக்குச் சென்ற ஆண்டு மூன்று நாள் கடுங்காய்ச்சல். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அம்மா நிம்மதியாகப் புல் வெட்டப் போய்விட்டார். மாலையில் திரும்பினால் பிள்ளைக்குக் கைகால் சில்லிட்டு, வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம். தாய்மார்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்: டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்தான நாள். பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. அதைக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே காத்திருப்பதுதான் தவறு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் தவிர ஆஸ்பிரின், புருஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. அவை இரத்தப்போக்கை அதிகமாக்கும். நல்லவேளையாக, அண்டைவீட்டாரின் காரில் அன்றிரவே பட்டணத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரு வாரத்தில் பிழைத்து வந்தாள்.

பிறகு சுகாதாரப் பணியாளர்கள் வந்து தோட்டத்து வீடுகளையெல்லாம் சோதித்தார்கள். அவள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. கடைசியில் பள்ளிக்கு வந்தார்கள். என் வகுப்பறை ஜன்னலோரத்தில், அழகுக்காக நானே கொண்டுவந்து வைத்த 'மணி பிளான்ட்' கண்ணாடிப் போத்தலை ஒருவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. டிங்கிக் கொசு கடிப்பது பகலில். அவள் உட்கார்ந்திருந்தது ஜன்னலுக்கு அடுத்த மேசை. அந்தப் போத்தலில் பிறந்த கொசுதான் கடித்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

போத்தலில் இப்போது மண் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் இருவர் இருவராகப் பள்ளியைச் சுற்றிவந்து, தண்ணீர் தேங்கிய இடங்களை எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவள்தான் தலைவி. சென்ற வாரம் அவள் கொண்டுவந்த தாளில், தலைமையாசிரியர் ஐயா கார் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் பழைய டயரில் புழு இருப்பதாக எழுதியிருந்தது. "ஐயா, இதை நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். இருவருமாகப் போய்ச் சொன்னோம்.