எழுத்து பிரசுரமும் புதுக்கவிதையும்

சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் சென்னையிலிருந்து ‘எழுத்து’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். யாப்பைக் கடந்த கவிதைக்குப் பெரிய பத்திரிகைகளில் இடம் கிடைக்காத காலம் அது. நாகர்கோவில் பசுவய்யா, திருகோணமலை தருமு சிவராமு எனப் பல ஊர்க் கவிஞர்களும் ‘எழுத்து’ இதழில் எழுதினார்கள்.

முதலில் இதழ், அடுத்து பலர் எழுதிய தொகுப்பும் தனித்தனி நூல்களும் என்று பதிப்பு வேலை வளர்ந்தது. இதழில் வந்தவற்றிலிருந்து செல்லப்பா தேர்ந்தெடுத்த 24 கவிஞர்களின் 63 கவிதைகளை, 1962இல் எழுத்து பிரசுரம் ‘புதுக்குரல்கள்’ என்ற பெயரில் வெளியிட்டது. ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’ம் அதே ஆண்டில் வந்தது. தி. சோ. வேணுகோபாலனின் ‘கோடை வயல்’ தொடர்ந்து வெளியானது.

விற்பனைக்கென்று தனி ஆட்கள் இல்லை. செல்லப்பாவே புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய், கல்லூரிகளில் பேராசிரியர்களையும் மாணவர்களையும் சந்தித்து விற்றார். கைப்பணத்தைப் போட்டு நடத்திய இதழ் 1970இல் நின்றது. ஆனால் ‘புதுக்குரல்கள்’ பின்னர் பல்கலைக்கழகப் பாடநூலாகி, புதுக்கவிதையை வகுப்பறைக்குள் கொண்டுசென்றது.