சுருதி சேர்த்ததற்குக் கைதட்டினார்கள்!

1971ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி. நியூயார்க் நகரத்தின் மாடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கம். பிற்பகலும் இரவுமாக நடந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் சேர்த்துச் சுமார் 40,000 பேர் வந்திருந்தார்கள். மேடையில் சிதாருடன் ரவிசங்கர், சரோடுடன் அலி அக்பர் கான், தபலாவுடன் அல்லா ரக்கா, தம்பூராவுடன் கமலா சக்ரவர்த்தி. கம்பியை மீட்டுகிறார்கள், நிறுத்துகிறார்கள், பிருடையைத் திருகுகிறார்கள், மறுபடியும் மீட்டுகிறார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. சத்தம் நின்றதும் அரங்கில் பலத்த கரகோஷம்! சுருதி சேர்த்ததையே முதல் உருப்படி என்று எண்ணிவிட்டார்கள். இதுவே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என நம்புவதாக ரவிசங்கர் வேடிக்கையாகச் சொன்னார்.

அது வெறும் பொழுதுபோக்குக் கச்சேரி அல்ல. 1970 நவம்பரில் வீசிய பெரும் புயலாலும், 1971இல் மூண்ட போராலும் வீடிழந்த வங்க மக்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உதவ ரவிசங்கரும் அவருடைய மாணவரான ஜார்ஜ் ஹாரிசனும் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. நுழைவுச் சீட்டு விற்பனையில் கிடைத்த ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர் யுனிசெப் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்கர்கள் ஏமாந்ததைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். சிதாருக்குச் சுருதி சேர்க்க ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? வாசிக்கிறவர் வீட்டிலேயே அதைச் செய்துவிட்டு வரக் கூடாதா?

பதில் சிதாரின் அடியில் ஒளிந்திருக்கிறது. வெளியே தெரிவது ஆறு அல்லது ஏழு கம்பிகள்தாம். வளைந்த மெட்டுகளுக்குக் கீழே, விரலே படாமல், இன்னும் 11 முதல் 13 கம்பிகள் ஓடுகின்றன. இவற்றுக்குத் 'தரப்' என்று பெயர். கலைஞர் இவற்றை எப்போதாவதுதான் நேரே மீட்டுவார். மற்ற நேரமெல்லாம் இவை தாமாகவே ஒலிக்கும்.

தாமாகவா? ஆம். அம்பத்தூரிலோ ஆவடியிலோ ரயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். சரக்கு ரயில் போகும்போது அலமாரியில் உள்ள எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி அதிர்வதில்லை. ஒரு தட்டு மட்டும் 'ஙிர்' என்று பாடும். பக்கத்திலுள்ள தம்ளர் சும்மா இருக்கும். பூந்தமல்லிக்காரர்களுக்கு நெடுஞ்சாலை லாரி போதும். ஒவ்வொரு பொருளுக்கும் சொந்தமான அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அந்த எண்ணோடு பொருந்தினால் பொருள் பெரிதாக அதிர்கிறது. இதைத்தான் ஒத்ததிர்வு என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறீர்கள்.

சிதாரில் மேல் கம்பியை மீட்டியதும் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்கு இறங்குகிறது. அங்கிருந்து தரப் கம்பிகளுக்குப் போகிறது. வாசித்த சுரம் எதுவோ, அந்தச் சுரத்துக்குச் சேர்த்து வைத்த கம்பி விழித்துக்கொள்கிறது. கலைஞர் விரலை எடுத்த பிறகும் அது ஒலித்துக்கொண்டேயிருக்கிறது. சிதாரைச் சூழ்ந்து வரும் அந்த ரீங்காரம் இதுதான். தரப் கம்பிகளை ராகத்தின் சுரங்களுக்குச் சேர்க்க வேண்டும் என்பதால், ராகம் மாறினால் அவற்றில் சிலவற்றையும் மாற்றியாக வேண்டும். ஆகவே வீட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வர முடியாது.

அது ஒரு காரணம். இன்னொரு காரணம் மேடை விளக்கு!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிதாரின் முதன்மைக் கம்பி எஃகினால் ஆனது; அதன் நீளம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். பல சிதார்களில் அதன் அதிர்வெண் 185 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். இந்தச் சுரத்துக்கு இறுக்கும்போது கம்பி மொத்தமாக நீள்வது சுமார் 4 மில்லிமீட்டர்தான். அதன் இழுவிசை முழுவதும் இந்த 4 மில்லிமீட்டரிலிருந்து வருகிறது. இப்போது விளக்குகளின் சூட்டில் கம்பியின் வெப்பநிலை 10 டிகிரி கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகு சுமார் 0.1 மில்லிமீட்டர் விரிகிறது. மரம் அந்த அளவுக்கு நீள்வதில்லை. தலைமுடியின் கனந்தானே என்று தோன்றும். ஆனால் 4 மில்லிமீட்டரில் 0.1 போனால் இழுவிசையில் 40இல் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அது 80இல் ஒரு பங்கு குறையும். 185 ஆக இருந்தது 183க்கு அருகில் வந்து நிற்கும்.

இரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசம் காதுக்குத் தெரியுமா? தனியாகக் கேட்டால் பலருக்குத் தெரியாது. 185இல் ஒரு கம்பியும் 183இல் ஒரு கம்பியும் சேர்ந்து ஒலித்தால், ஓசை விநாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். இதற்கு விம்மல் என்று பெயர். சுருதி சேர்ப்பவர் செவி கொடுப்பது இந்த விம்மலுக்குத்தான். அது மெதுவாகி மெதுவாகி மறையும்வரை பிருடையைத் திருகுகிறார்; பிறகு கம்பியில் கோத்திருக்கும் சிறு மணியை இம்மியளவு நகர்த்துகிறார். தரப் கம்பிக்கோ விம்மல் வரையில் போக வேண்டியதே இல்லை. நூற்றில் ஒரு பங்கு விலகினாலே அது பெரும்பாலும் ஊமையாகிவிடும்.

இங்கே நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் வருகிறார். ஒளிச்சிதறல் ஆராய்ச்சி அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது 1928இல். அதற்கு முன்பே, 1921இல், கல்கத்தாவில் இருந்தபோது, தம்பூராவையும் வீணையையும் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். கம்பியை ஓரிடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் கணு அமையும் மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங் கண்ட விதி. நம் வாத்தியங்களில் அவையும் கணீரென்று ஒலிக்கின்றன! காரணம் குதிரை. வயலினில் கம்பி கூர்மையான விளிம்பில் நிற்கிறது. வீணை, தம்பூரா, சிதார் மூன்றிலும் குதிரையின் மேற்பரப்பு அகன்று, லேசாக வளைந்திருக்கிறது. கம்பி ஒவ்வொரு அதிர்விலும் அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்பூராவில் கம்பிக்கடியில் ஒரு நூலை வைத்து இதைச் சரிசெய்வார்கள். சிதாரில் குதிரையையே பக்குவமாக அரத்தால் இழைக்கிறார்கள். இது தனித் தொழில், 'ஜவாரி' என்பார்கள்.

மேற்சுரங்கள் மலிந்த ஓசை இனிமைதான். ஆனால் பிழையையும் அது பெரிதாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அடிப்படைச் சுரத்தில் விநாடிக்கு 2 விம்மல் என்றால், ஐந்தாவது மேற்சுரத்தில் அது 10 ஆகும்.

வெளிநாட்டுக் கச்சேரிகளில் சூட்டைவிடப் பெரிய எதிரி வறண்ட காற்று. சென்னையின் மேற்குப் புறநகர்களில் 30 டிகிரி வெப்பநிலையில், ஈரப்பதம் 70 சதவீதம் உள்ள நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். குளிர்காலத்து நியூயார்க்கிலோ லண்டனிலோ வெளியே 0 டிகிரி என்றால், காற்று அதிகபட்சம் ஏந்தக்கூடியதே 5 கிராம்தான். அந்தக் காற்றை அரங்குக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். இப்போது அது 17 கிராம் வரை ஏந்தும், இருப்பதோ 5. ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே! காற்று தாகத்தோடு மரத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. மரம் சுருங்குகிறது, பிருடை துளையில் நழுவுகிறது, சுரைக்குடத்தில் கீறல்கூட விழலாம். விமானத்தின் உள்ளே காற்று இன்னும் வறண்டது. எதிர்மாறான தொல்லையும் உண்டு. 1969 ஆகஸ்ட் 15 அன்று, அமெரிக்காவின் உட்ஸ்டாக் விழாவில் திறந்த வெளியில் ரவிசங்கர் வாசிக்கையில் மழை பிடித்துக்கொண்டது.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரண்டு கம்பிகள் உள்ள சுரமானி இருந்தால் ஆசிரியரிடம் கேட்டு எடுங்கள். இரண்டு கம்பிகளையும் ஒரே சுரத்துக்குச் சேர்த்து, ஒன்றின் நடுவில் சிறு தாள் துண்டை மடித்து உட்கார வையுங்கள். மற்றதை மீட்டினால் தாள் துள்ளி விழும். அடுத்து, மீட்டும் கம்பியின் 50 சென்டிமீட்டர் நீளத்தில் குதிரையை அரை சென்டிமீட்டர் மட்டும் நகர்த்திவிட்டு மீட்டுங்கள். தாள் இருந்த இடத்திலேயே இருக்கும்.