சோற்றுக் கற்றாழை: சோறும் மஞ்சள் பாலும்

இராயலசீமையின் தென்கோடியில், தமிழ்நாட்டை ஒட்டி அமைந்தது பழைய சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் இதன் ஒரு பகுதியையும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் இணைத்துத் திருப்பதி மாவட்டம் தனியாக அமைக்கப்பட்டது. மழை பொய்க்கும் ஆண்டுகள் இங்குப் புதியனவல்ல. நிலக்கடலைக்கும் மாவுக்கும் துணையாக வறட்சியைத் தாங்கும் பயிர் எது என்ற கேள்வி எழும்போது, சோற்றுக் கற்றாழையும் பேசப்படுகிறது. தெலுங்கில் இதற்குக் ‘கலபந்த’ என்று பெயர். திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் இது மாதக்கணக்கில் வாடுவதில்லை. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்றுக்கொள்வதால் இச்செடி மிகக் குறைந்த நீரையே இழக்கிறது.

பயிர் வளரும் என்பதில் ஐயமில்லை. அதன் சோற்றுக்குக் கூறப்படும் மருத்துவ குணங்களுள் எவை மெய்ப்பிக்கப்பட்டவை என்பதை, அதனைப் பயிரிடச் சொல்பவரும் பயன்படுத்துபவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரே இலையில் இரு மருந்துகள்

கற்றாழை மடலை அறுத்தவுடன் பச்சைத் தோலின் அடியிலிருந்து மஞ்சள் நிறமான, மிகக் கசப்பான பால் வடியும். இதில் அலோயின் முதலிய வேதிப்பொருள்கள் உள்ளன. இவை கடுமையான பேதி மருந்துகள். இப்பாலை உலர்த்தினால் கிடைப்பதே நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கரியபோளம் அல்லது மூசாம்பரம். மடலின் உள்ளே இருக்கும் நிறமற்ற கூழே சோறு. செடிக்குப் பெயர் தந்ததும் அதுவே. அதில் 98 விழுக்காட்டுக்கு மேல் நீர். எஞ்சியவற்றுள் அசிமன்னான் என்னும் சர்க்கரைத் தொடர்ப்பொருள் முக்கியமானது. பாலும் சோறும் வெவ்வேறு மருந்துகள். நூல்களிலும் விளம்பரங்களிலும் இவ்விரண்டும் ஒன்றாகவே பேசப்படுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். சித்த மருத்துவ வழக்கில் சோற்றை ஏழு முறை கழுவிய பின்பே உண்ணக் கொடுக்கும் முறை உண்டு. பாலை நீக்குவதற்கு அது எளிய, அறிவார்ந்த வழியாகும்.

புண்ணும் தீப்புண்ணும்

திருப்பதிக்கு அண்மையிலுள்ள சென்னையில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுபவை. தோல் பதனிடும் தொழிலுக்கான நிலையம் கற்றாழையை ஆராய்வானேன் என்று தோன்றலாம். தோலுக்கு வலிமை தரும் கொல்லஜன் என்னும் புரதம், பதனிடும் தொழிலுக்கும் புண் ஆறுதலுக்கும் பொதுவானது. கற்றாழை கொடுக்கப்பட்ட எலிகளின் புண்களில் இப்புரதம் கூடுதலாக உருவானதும், அதன் இழைகளுக்கிடையே பிணைப்பு மிகுந்ததும் அங்குக் கண்டறியப்பட்டன. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளிலும் புண் விரைவாக ஆறியது.

மனிதரிடம் கிடைத்த முடிவுகள் இவ்வளவு ஒருமுகமாக இல்லை. தீப்புண் குறித்த நான்கு ஆய்வுகளை, 371 நோயாளிகளின் விவரங்களுடன், தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் தொகுத்து ஆராய்ந்தனர். கற்றாழை இட்ட புண்கள் ஏறத்தாழ 9 நாட்கள் முன்னதாக ஆறியதாக அவர்கள் கணக்கிட்டனர். அமெரிக்காவில் 1991-இல் வெளியான ஆய்வோ நேர்மாறானது. வயிற்று அறுவைக்குப் பின் தையல் பிரிந்த ஆழமான புண்களுடன் இருந்த 21 பெண்களில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்குப் புண் ஆறச் சராசரியாக 53 நாட்களும் கற்றாழைக் கூழும் சேர்த்து இடப்பட்டவர்களுக்கு 83 நாட்களும் ஆயின. 2012-இல் காக்ரேன் அமைப்பு ஏழு ஆய்வுகளைப் பரிசீலித்து, புண்களுக்குக் கற்றாழையைப் பரிந்துரைக்கும் அளவுக்குத் தரமான சான்று இல்லை என்றே கூறிற்று.

ஆதலால் அடுப்பங்கரையில் கையில் பட்ட சிறு சூட்டுக்கு, முதலில் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, சுத்தமான சோற்றைத் தடவுவதில் தவறில்லை. தோல் வெண்மையாகவோ கருகியோ போன தீக்காயத்துக்கும், நீரிழிவு நோயாளியின் பாதப் புண்ணுக்கும் இடம் மருத்துவமனையே. வீட்டில் கூழைத் தடவிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் விரலுக்கோ காலுக்கோ ஆபத்தாக முடியலாம்.

உண்ணும்போது

இரத்தச் சர்க்கரையைக் கற்றாழை குறைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு இதற்கு ஆதரவாக உள்ளது. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. சில வாரங்களோ மாதங்களோ மட்டுமே நீடித்தவை. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றைக் குடிக்க இவை இடந்தரவில்லை. மாத்திரையுடன் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கவும் கூடும்.

பால் கலந்த சாற்றின் தீங்கு வேறு வகையானது. கடையில் நேரடியாக விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழையைச் சேர்ப்பதை அமெரிக்க அரசு 2002-இல் நிறுத்தியது. முழு மடலின் சாற்றை ஈராண்டுகள் குடிநீரில் பெற்ற எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் தோன்றியதாக அந்நாட்டின் தேசிய நச்சியல் திட்டம் 2013-இல் அறிவித்தது. பின்னர் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, முழு மடல் சாற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்ப்பது நன்று.

பதப்படுத்தும் நிலை

சாகுபடியைக் காட்டிலும் அறுவடைக்குப் பிந்திய பணியே கடினம். அறுத்த மடலைச் செங்குத்தாக நிறுத்திப் பாலை வடியவிட வேண்டும்; தோலை அகற்றிச் சோற்றைக் கழுவ வேண்டும். சோறு சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்குவதால், வயலுக்கு அருகிலேயே பதப்படுத்தும் ஏற்பாடு தேவை. சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைகள் பல உள்ளன. மாம்பழப் பருவம் முடிந்தபின் அவற்றுக்கு வேலை குறைவு. எனினும் பாலைப் பிரித்தெடுக்கும் சாதனமும் பரிசோதனைக் கூடமும் இன்றி அவற்றில் கற்றாழையை இட்டால் கிடைப்பது முழு மடல் சாறாகவே இருக்கும். குடிப்பதற்கான கூழில் அலோயின் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது என்பது பன்னாட்டுக் கற்றாழைத் தொழில் அமைப்பு வகுத்துள்ள அளவு. கடன் கோரி வரும் ஆலைத் திட்டத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி முதலில் கேட்கவேண்டியது, இவ்வளவை அளக்கும் கருவிக்கு அதில் நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையே.