ஆய்வுக்கூடமும் வகுப்பறையும்

உயர்கல்விக்கு இரண்டு கைகள் உண்டு. முன்னோர் தேடிவைத்த அறிவை எடுத்துக் கொடுப்பது ஒரு கை; அது கற்பித்தல். இதுவரை எவரும் அறியாததைத் தேடிச் சேர்ப்பது மற்றொரு கை, அது ஆராய்ச்சி. இரு கைகளும் சேர்ந்தால்தான் ஓசை எழும். நம் நாட்டில் இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் வளர்ந்தன. ஏன் அவ்வாறு வளர்ந்தன, அவற்றை ஒன்று சேர்க்க அரசு எடுத்த முயற்சிகள் எவை, அவற்றால் நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரி மாணவர்க்குக் கிட்டியது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கட்டுரை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. எங்கள் வகுப்பில் ஆசிரியர் ஒருநாள், "உங்களில் ஆராய்ச்சி செய்ய விரும்புவோர் எத்தனை பேர்?" என்று கேட்டார். நாற்பது பேரில் கை உயர்த்தியோர் இருவர். அவ்விருவரும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டேதான் உயர்த்தினர். மற்றவர்கள் ஆர்வமில்லாதவர்கள் அல்லர். ஆராய்ச்சி என்பது வேறு யாரோ, வேறு எங்கோ செய்வது என்ற எண்ணம் எங்களுள் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

தேர்வு நடத்தப் பிறந்தவை

1854-ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையின் பயனாக, 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இவற்றுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது அந்நாளைய இலண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது கல்லூரியின் வேலை. தேர்வு வைத்துப் பட்டம் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. இதுவே ஏற்பாடு. இந்த ஏற்பாட்டில் ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. 1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம்தான், பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கவும் ஆராயவும் வழிவகுத்தது. 1917 முதல் 1919 வரை ஆய்ந்த சாட்லர் குழுவும் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் தேவை என்றது. எனினும் கல்லூரிகளின் நிலை பெரிதும் மாறவில்லை. பிறர் வகுத்த பாடத்தைப் பிறர் வைக்கும் தேர்வுக்காகச் சொல்லித்தரும் இடமாகவே கல்லூரி நின்றது.

பிரிந்த இரு வீடுகள்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நாடு அறிவியலில் விரைந்து முன்னேற விரும்பியது. அதற்கெனத் தனி நிறுவனங்கள் எழுந்தன. 1942-இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. சாந்தி சுவரூப் பட்நாகரின் முயற்சியால் அதன்கீழ்த் தேசிய ஆய்வுக்கூடங்கள் வரிசையாகத் தோன்றின. நம் மாநிலத்திலும் 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது.

இந்நிலையங்கள் நாட்டிற்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் இந்த ஏற்பாட்டிற்கு ஒரு விலையும் இருந்தது. ஆய்வுக்கருவிகளும் பணமும் ஆராய்ச்சியாளரும் அங்கே சென்றன. மாணவர்கள் இங்கே நின்றனர். அணு ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களோடு சேர்த்தே வளர்க்கவேண்டும் என்று அன்றே வாதிட்டவர் இயற்பியலறிஞர் மேகநாத் சாகா. அவர் கூற்று ஏற்கப்படவில்லை. ஒரே குடும்பத்தின் இரு பிள்ளைகள் பாகம் பிரிந்து தனித்தனி வீடு கட்டிக்கொண்டதுபோல, ஆராய்ச்சி ஒரு வீட்டிலும் கற்பித்தல் மற்றொரு வீட்டிலும் குடியேறின.

குழுக்கள் சொன்னவை

டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-இல் தன் அறிக்கையை அளித்தது. மேகநாத் சாகாவும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் இலட்சுமணசாமி முதலியாரும் அதன் உறுப்பினர்கள். முதுகலைப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் அவ்வறிக்கை தனி அதிகாரமே ஒதுக்கியது. அதன் பரிந்துரைகளையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 1953-இல் தொடங்கப்பெற்று, 1956-இல் சட்டத்தால் நிலைபெற்றது.

அடுத்து வந்தது 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு. அதன் தலைவர் டி. எஸ். கோத்தாரி, சாகாவிடம் பயின்ற இயற்பியலாளர். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர். நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று இக்குழு கூறியதைப் பலரும் அறிவர். அதே அறிக்கை, சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கவேண்டும் என்றும் கூறியது. தாமே பாடம் வகுத்து, தாமே தேர்வு நடத்தும் உரிமை இருந்தாலன்றிக் கல்லூரிகள் வளரா என்பது அதன் கருத்து. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1978-இல், சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின்கீழ் இருந்த சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. இத்துறையில் தமிழ்நாடு முன்னின்றது என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது.

இதற்கிடையே அரசியலமைப்பிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. கல்லூரியைக் கட்டி, ஆசிரியர்க்குச் சம்பளம் தருவது மாநில அரசு. தரத்தையும் தகுதியையும் வரையறுப்பது மத்திய அமைப்பு. இன்று உயர்கல்விச் சீர்திருத்தம் ஒவ்வொன்றும் மத்திய மாநில அரசுகளிடையே விவாதப் பொருளாவதற்கு இதுவே அடிப்படை.

1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் தன்னாட்சியையும் ஆராய்ச்சி மேம்பாட்டையும் வலியுறுத்தியது. 1994-இல் பெங்களூரில் தேசியத் தர மதிப்பீட்டுக் குழு அமைக்கப்பெற்றது.

2020-க்குப் பின்

2020-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, பழைய நோயை நன்றாகவே கண்டுகொண்டது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆராய்ச்சி இல்லை என்பதை அது ஒளிக்கவில்லை. கல்லூரிகள் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கும் முறையைப் படிப்படியாக 15 ஆண்டுகளில் நீக்குவது, 2035-க்குள் உயர்கல்விச் சேர்க்கையை 50 விழுக்காடாக உயர்த்துவது, தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தோற்றுவிப்பது ஆகியன அதன் இலக்குகள்.

ஆனால் அதே கொள்கை நிறுவனங்களை மூவகையாகப் பிரிக்கின்றது. ஆராய்ச்சிக்கு முதன்மை தரும் பல்கலைக்கழகங்கள், கற்பித்தலுக்கு முதன்மை தரும் பல்கலைக்கழகங்கள், பட்டம் வழங்கும் தன்னாட்சிக் கல்லூரிகள் என்பன அவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உயரலாம் என்று கொள்கை கூறினாலும், நடைமுறையில் முதலிடத்தில் இருப்பதற்கே பணமும் ஆளும் சேரும் என்பதை ஊகிக்கப் பேரறிவு தேவையில்லை. இரண்டு வீடுகளுக்கிடையே இருந்த சுவர் இடிந்ததா, அன்றி வெள்ளையடிக்கப்பட்டதா என்பதே நம் கேள்வி. மூன்று செய்திகளைக் கொண்டு இதனை எடைபோடலாம்.

முதலாவது: ஏணி

நம்மைப் போன்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு எம்.ஃபில். பட்டம் ஓர் இடைப்படியாக விளங்கியது. சிறிய ஆய்வேடு ஒன்றை எழுதிப் பார்த்து, ஆராய்ச்சி தமக்கு ஒத்துவருமா என்று அறிந்துகொள்ள அது உதவியது. மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு நவம்பர் விதிகள் இப்பட்டத்தை நிறுத்திவிட்டன. முன்பே பெற்ற பட்டங்கள் மட்டும் செல்லும். நான்காண்டு இளங்கலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் நேரே முனைவர் பட்ட ஆய்வில் சேரலாம் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. தமிழக அரசு கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலையும் ஈராண்டு முதுகலையுமே நடைமுறை. ஆகவே நமக்கு அந்தக் குறுக்கு வழி இல்லை. இருந்த இடைப்படியும் இல்லை.

2024 முதல் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் கொள்ளலாம் என மானியக் குழு அறிவித்தது. அதில் உதவித்தொகைக்கோ உதவிப் பேராசிரியர் தகுதிக்கோ தேர்ச்சி பெறாதவர்க்கும், முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறும் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஊர் ஊராகச் சென்று நுழைவுத்தேர்வு எழுதும் செலவை இது குறைக்கும் என்பது உண்மை. ஆனால் மொழிப்பாடங்கள் நீங்கலாக ஏனைய பாடங்களுக்கு இத்தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெறுகின்றது. வரலாற்றையும் பொருளியலையும் ஐந்தாண்டுகள் தமிழ்வழியில் பயின்ற மாணவன், தான் கற்றதைக் காட்டுவதற்குமுன் மொழியைக் கடக்க வேண்டியுள்ளது. ஏணியின் முதற்படியே ஆளுயரம் இருந்தால், மேற்படிகள் எத்தனை இருந்தென்ன?

இரண்டாவது: பணம்

2023-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இதில் கரைந்தது. 2023 முதல் 2028 வரை ஐந்தாண்டுகளுக்குத் திட்டமிட்ட தொகை 50,000 கோடி ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 14,000 கோடி. எஞ்சிய 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடைகள் முதலிய பிற வழிகளில் வரவேண்டும். 2020-21-இல் நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடே என்பதையும், தென்கொரியா 4 விழுக்காட்டிற்கு மேல் செலவிடுவதையும் நோக்கினால் இதன் தேவை விளங்கும். எனினும் வராத பணத்தை வரவில் எழுதக் கூடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த கணக்கு.

இந்நிறுவனம் 2024-இல் அறிவித்த ஒரு திட்டம் வண்டிச்சக்கரத்தை ஒத்தது. முன்னணி நிறுவனம் குடமாக நடுவில் நிற்க, வளர்ந்துவரும் நிறுவனங்கள் ஆரக்கால்களாக அதனோடு சேரும். அதன் கருவிகளையும் வழிகாட்டலையும் இவை பயன்படுத்திக்கொள்ளும். நல்ல எண்ணந்தான். ஆனால் முதற்கட்டத்தில் ஆரக்கால்களாகக் கொள்ளப்பட்டவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களே. கல்லூரிகளின் முறை இனிமேல்தான் வரவேண்டும்.

கலைப் பாடங்களைப் பயில்வோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2020-ஆம் ஆண்டுக் கொள்கை கலை, மானுடவியல், சமூக அறிவியல் அனைத்துக்கும் இந்நிறுவனம் பொதுவாக இருக்கும் என்றது. சட்டமோ, அப்பாடங்கள் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் தொடும் இடங்களை மட்டுமே குறிப்பிடுகின்றது. கல்வெட்டு படிப்பவனும் நாட்டார் வழக்காறு திரட்டுபவனும் பழைய வாயில்களையே, அதாவது 1969-இல் அமைந்த சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தையும் 1972-இல் அமைந்த வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தையுமே தட்டவேண்டும்.

மூன்றாவது: நூல்

ஆராய்ச்சிக்குக் கருவி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் ஆய்விதழ். பிறர் கண்டதை அறியாமல் நாம் புதிதாகக் காண முடியாது. வெளிநாட்டு ஆய்விதழ்களின் ஆண்டுச் சந்தா, ஒரு சிறு கல்லூரியின் நூலக நிதி முழுவதையும் விழுங்கக்கூடியது. ஆகவே அவை பெரிய நிறுவனங்களின் சொத்தாகவே இருந்தன.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இந்நிலையை மாற்ற முனைகின்றது. நாடு முழுமைக்கும் அரசே ஒரு சந்தா செலுத்தும். மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இதில் அடங்கும். மத்திய மாநில அரசுகளின்கீழ் உள்ள 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் இவ்வாயில் திறந்தது. சீர்திருத்தங்களுள் இதுவொன்றுதான், ஐ.ஐ.டி. மாணவனையும் அரசு கலைக் கல்லூரி மாணவனையும் ஒரே பந்தியில் அமர்த்தியது என்பேன்.

ஆனால் இலை போட்டும் உண்ணத் தெரியாதவன் பசியோடுதான் எழவேண்டும். கல்லூரி முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும், கணினி வேண்டும், தேடும் முறையைச் சொல்லித்தர நூலகர் வேண்டும், ஆங்கிலக் கட்டுரையைப் படித்துப் பொருள் கொள்ளும் பயிற்சி வேண்டும். இவற்றை டெல்லி தராது. நாமே ஆக்கிக்கொள்ள வேண்டியவை.

முடிவாக

2021-22-ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 4.33 கோடி. முனைவர் பட்ட ஆய்வில் இருந்தோர் 2.12 இலட்சம், ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவர். அவ்வாண்டு தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் விகிதம் 28.4. கல்லூரி வாயிலுக்கு மாணவரைக் கொண்டுவந்து சேர்ப்பதில் நம் மாநிலம் வென்றுவிட்டது. உள்ளே வந்தவருக்குக் கேள்வி கேட்கக் கற்றுத்தருவதே இனி ஆற்றவேண்டிய பணி.

1949 முதல் வந்த அறிக்கைகள் பலவும் நோயைச் சரியாகவே கண்டன. மருந்து பெரும்பாலும் மேல்தளத்திலேயே தங்கிவிட்டது. எனவே எந்தச் சீர்திருத்தத்தையும் அளக்க ஓர் எளிய அளவுகோல் போதும்: சிற்றூர்க் கல்லூரியின் கடைசி வரிசை மாணவனுக்கு இதனால் என்ன கிடைத்தது?

அரசு செய்யவேண்டியதைக் கேட்போம். அது நம் உரிமை. ஆசிரியர் காலியிடங்களை நிரப்பவும், தகுதித்தேர்வைத் தமிழிலும் நடத்தவும், ஆராய்ச்சி நிதியில் கல்லூரிகளுக்கெனத் தனிப் பங்கு ஒதுக்கவும் கேட்போம். கேட்டுக்கொண்டே, நம் கைக்கெட்டியதைத் தொடங்குவோம். நம் ஊர் ஏரியில் எத்தனை ஆண்டு வண்டல் படிந்துள்ளது, நம் தெருவில் நின்றுபோன தறிகள் எத்தனை, நம் கோயிற் சுவரில் படியெடுக்காத எழுத்துகள் யாவை? இவற்றை ஆராய 50,000 கோடி வேண்டா. ஒரு குறிப்பேடும், வழிகாட்ட ஓர் ஆசிரியரும் போதும்.

அடுத்த முறை ஆசிரியர் அக்கேள்வியைக் கேட்கும்போது, அக்கம்பக்கம் பாராமல் கை உயர்த்துவோர் சிலரேனும் இருப்பாராயின், அதுவே நம் கல்லூரிக்கு வந்த முதற் சீர்திருத்தம்.

— முதுகலை வரலாறு, இரண்டாமாண்டு