உயரம் பாய்ந்த எதிர்வீரசிங்கம்

ஓட்டப் பந்தயத்தில் பிறரை முந்துபவன் வெல்கிறான். மற்போரில் எதிரியை வீழ்த்துபவன் வெல்கிறான். உயரம் பாய்தலோ அத்தகையதன்று. அங்கே வீரனை எதிர்த்து நிற்பது ஒரு கோல் மட்டுமே. அதைத் தாண்டியவுடன் இன்னும் சற்று உயர்த்தி வைத்துவிடுவார்கள்.

இக்கலையில் ஆசியாவிலேயே முதலிடம் பெற்ற தமிழர் ஒருவர் நம் நாட்டில் தோன்றினார். அவரே நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934ஆம் ஆண்டிலே பிறந்த அவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் இலங்கையின் சார்பில் பாய்ந்தபோது அவருக்கு வயது பதினேழுதான். பின்னர் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலே பயின்றார். 1956இல் மெல்போர்ண் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். இரண்டிலும் பதக்கம் கிட்டவில்லை.

இன்று பாய்பவர்களைத் தாங்கப் பருத்த மெத்தை உண்டு. முதுகுப்புறமாக அச்சமின்றி விழலாம். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டிக் பொஸ்பரி வென்ற பின்னரே அம்முறை உலகெங்கும் பரவியது. எதிர்வீரசிங்கத்தின் காலத்திலே வீரர்களை ஏந்தியது பெரும்பாலும் மணற்குழிதான். பாய்ந்தால் மட்டும் போதாது. அடிபடாமல் விழவும் அறிந்திருக்க வேண்டும்.

1958ஆம் ஆண்டு டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அங்கே அவர் 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டங்குல உயரம் பாய்ந்து பொற்பதக்கம் வென்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதற் பொற்பதக்கம் அதுவே.

அந்தப் போட்டிகள் நடந்த நாட்களை நாம் மறக்கலாகாது. அவை மே 24ஆம் தேதி தொடங்கி ஜூன் 1ஆம் தேதி வரை நடந்தன. அதே வேளையில் இங்கே இனக்கலவரம் மூண்டிருந்தது. மே 27இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கொழும்பிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல அகதி முகாம்களிலே தங்கி, கப்பலேறி வடக்கே சென்றன. தமிழர் என்பதற்காகவே மக்கள் தாக்கப்பட்ட அந்நாட்களில், ஒரு தமிழர் இலங்கையின் பெயரை மார்பிலே தாங்கி நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தார். "எதிர்" என்று அவரைச் சுருக்கி அழைத்த இரசிகர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள். நாட்டைப் பிளந்து நின்றவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேறென்ன வேண்டும்?

1962இல் ஜகார்த்தாவிலே அவர் வெள்ளிப்பதக்கம் பெற்றார். புகழோடு நின்றுவிடாமல் கல்வியைத் தொடர்ந்து, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிற நாடுகளிலும் ஆசிரியப் பணி புரிந்தார். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவிலே காலமானார்.

வெள்ளவத்தையிலும் நுகேகொடையிலும் இன்று பாடசாலை மைதானங்களிலே கோலை நோக்கி ஓடிவரும் சிறுவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லிக் கொடுப்போம். அவர் பாய்ந்த உயரத்தோடு, எத்தகைய நாட்களில் அவர் அதைப் பாய்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.