மேகம் சொன்னது, மதகு கேட்டதா?

2015 டிசம்பர் முதல் நாள் இரவு! செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்தது. கரையோரக் குடிசையில் பாய் விரித்துப் படுத்தவன் கண் விழித்தபோது பாய் மிதந்தது. பாடுபட்டுச் சேர்த்த பண்டபாத்திரங்கள் மிதந்தன.

"இயற்கையின் சீற்றம்" என்றனர் சிலர். "தலைவிதி" என்றனர் வேறு சிலர். நாம் கேட்கிறோம்: கணக்கிட்டுச் சொல்லக்கூடியதை விதி என்பது எந்த ஊர் நியாயம்?

ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர் நீர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஆகவே 426 கோடி லிட்டர்! அன்று தாம்பரத்தில் கொட்டியதோ 49 சென்டிமீட்டர். மண் குடித்தது போக மீதி வடிகாலுக்கு. குடிக்க மண் எங்கே? தெருவெல்லாம் தார், முற்றமெல்லாம் சிமெண்டு! எஞ்சிய மண்ணும் நவம்பரிலேயே 100 சென்டிமீட்டருக்கு மேல் குடித்துக் களைத்துக் கிடந்தது.

நாளைய மழையின் அளவு, தரையின் சரிவு, மண்ணின் ஈரம், வடிகாலின் அகலம், கடலின் ஏற்றம் – இவை ஐந்தையும் சேர்த்தால், எந்தத் தெருவில் எப்போது எவ்வளவு நீர் நிற்கும் என்று கணினி கணித்துச் சொல்லும். சென்னைக்கென அத்தகைய முன்னறிவிப்பு முறை, 'சி-ஃப்ளோஸ்' என்ற பெயரில் 2019இல் வந்தது. வரவேற்றோம். ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, நகரம் மீண்டும் மூழ்கியதே!

கணிப்பு பிசகாதா என்பீர்கள். பிசகும். மேகம் பத்துக் கல் தள்ளிப் பெய்தால் கணக்கு மாறும். அதனால்தான் அறிவியலார் ஒரு கணிப்போடு நிற்பதில்லை. பல கணிப்புகள் போட்டு, அவற்றுள் எத்தனை வெள்ளம் என்கின்றன என்று எண்ணுகிறார்கள். ராடாரைப் பார்த்துத் திருத்துகிறார்கள்.

ஏரியை முன்கூட்டியே திறந்து மழை பொய்த்தால்? கோடையில் குடம் காயும். 2019இல் அந்த ஏரி வறண்டதையும் கண்டோம். திறக்காமலிருந்து மழை கொட்டினால்? குடிசை போகும். எத்தனை வாய்ப்பு இருந்தால் எத்தனை அடி திறப்பது என்பதை மழைக்கு முன்பே விதியாக எழுதி, மக்களுக்கும் அறிவிக்க வேண்டும். நள்ளிரவில் கோப்பு தேடுவது நிர்வாகமல்ல!

தூர் வாராத கால்வாய்க்குக் கணினி துணை செய்யாது. தெருவிலிருப்பவனுக்கு எட்டாத எச்சரிக்கை எச்சரிக்கையே அல்ல. மேகம் பேசுகிறது, கணக்கு அதை மொழிபெயர்க்கிறது. கேட்க வேண்டிய காதுகள் எங்கே? கரையோரத்துக் குடிசையின் சார்பில் கேட்கிறோம்!